அரை நூல் உயரம்

என் மதினி பிளாரன்ஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பாசாங்குக்காரன் என்று சொல்லக் கூடாது. அண்ணன் மனுவேலைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாகவே பிடிக்காது. அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்பேனர், அரம் எல்லாம் கிடக்கிற அவனுடைய சாமான் பெட்டியை எடுத்துவர, அவன் நடத்திய இன்ஜின் பட்டறைக்குப் போனேன். கூடப்பிறந்த தம்பி எடுக்காமல் ஊரானா எடுப்பான்? அவள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் நின்றுபார்த்தேன், எழுந்திருக்கவில்லை. வெறும் கையோடு திரும்பி வந்தேன்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திரேஸ்புரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற தகரக் கொட்டகை. ஒரு லேத்து, இரும்பைக் கவ்விப் பிடித்து அராவ ஒரு வைஸ், ஒரு பெஞ்சு. முன்வாசலுக்கு மேலே ஒரு பித்தளைப் பலகை. உடைத்த கப்பலிலிருந்து வந்த தகடு அது. மேல் வரியில் ‘மனுவேல்’, கீழ் வரியில் ‘அம்புரோஸ்’. உளி பிடித்து இரண்டையும் வெட்டியவன் நான்தான். “நீ கம்பெனி வேலைக்குப் போறவன், உன் பேரு இங்கன எதுக்குலே?” என்று அண்ணன் சிரித்தான். எதுக்கா? நாளைக்குப் பட்டறை என் கைக்கு வரும்போது புதுப் பலகை வெட்ட வேண்டாமே என்றுதான். அதை அவனிடம் சொல்லவில்லை.

எனக்கு லாஞ்சுக் கம்பெனியில் பிட்டர் வேலை. தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை, ஐந்து மைல் தள்ளி நிற்கும். சரக்குத் தோணிகளை இழுத்துக்கொண்டு லாஞ்சுகள் போய்வரும். அந்த லாஞ்சு இன்ஜின்கள் என் கையில்தான் பன்னிரண்டு வருஷமாக ஓடுகின்றன. ஆனால் கம்பெனியில் எத்தனை வருஷம் உழைத்தாலும் சம்பளக்காரன் சம்பளக்காரன்தான். எனக்கு வேண்டியது அந்தத் தகரக் கொட்டகை. அதை ஒரு பொம்பளை வைத்துக்கொண்டு இருந்தாள்.

கொட்டகை நிற்கிற இடம் காசிலிங்கம் அண்ணாச்சிக்குச் சொந்தம். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம், வாரம் ஒரு தடவை தூத்துக்குடிக்கு வருவார். நேராக அவரிடம் போய், அண்ணன் வாடகைக்கு வைத்திருந்த இடத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

“பொம்பளை நடத்துத பட்டறைக்கு எவன் அண்ணாச்சி வருவான்?”

“எவன் நடத்துனா எனக்கென்னலே? என் வண்டியைச் சரி பண்ணுத ஆளுக்கு இடம். அவ்வளவுதான் பேச்சு” என்றார்.

வண்டி என்று அவர் சொன்னது, உலகச் சண்டை முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்டபோது மதுரையில் எடுத்த ஒரு குட்டி ஸ்கூட்டர். ஆகாய விமானத்திலிருந்து குடை கட்டி இறக்குவதற்காகச் செய்தது என்று சொன்னார்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜின், சிலிண்டர் ஒரு டம்ளர் அளவுதான் இருக்கும். ஏதோ ஒல்லிச் சிப்பாய்க்குச் செய்த வண்டியில் அண்ணாச்சி ஏறி உட்கார்ந்து, பின்னால் இரண்டு கருப்பட்டிச் சிப்பத்தையும் கட்டினால் அது என்ன செய்யும்? தார் ரோட்டில் முனகிக்கொண்டே வரும். உடன்குடிச் செம்மணலில் இறங்கினால் நின்றுவிடும். அண்ணாச்சி இறங்கித் தள்ளுவார், ஊர் சிரிக்கும்.

அதே ஏலத்தில் அவர் ஒரு பேட்டரி சார்ஜ் செய்கிற இன்ஜினையும் வாங்கிப்போட்டிருந்தார். அதுவும் டூ ஸ்ட்ரோக், சிலிண்டர் பெரியது. அதைக் கழற்றி ஸ்கூட்டருக்கு வைத்தால் மணலில் பிய்த்துக்கொண்டு போகும் என்று நான் சொன்னேன். அந்த யோசனை என்னுடையது. இன்றுவரை அது சரியான யோசனைதான்.

இந்த இடத்தில் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே துவாரங்கள் இருக்கும். பெட்ரோல் காற்று உள்ளே வர ஒன்று, அது மேலே ஏற ஒன்று, புகை வெளியே போக ஒன்று. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே கதவாக நின்று திறக்கும், அடைக்கும். எந்த நேரத்தில் எது திறக்கிறது என்பதில்தான் இன்ஜினின் உயிர் இருக்கிறது. சார்ஜ் இன்ஜின் சிலிண்டரில் துவாரங்கள் கொஞ்சம் தாழ்வு. அப்படியே உட்காரவைத்தால் நேரம் தப்பும். சிலிண்டரை அரை நூல் உயர்த்த வேண்டும். எட்டு நூல் ஒரு அங்குலம், அதில் அரை நூல். எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, அடியில் காற்றுக் கசியாமல் அடைக்கிற பேக்கிங் வைத்து உயர்த்தினேன். லாஞ்சுக்கு வைக்கிற அதே பேக்கிங். கித்தான் துணியைச் சிவப்பு ஈயக் குழம்பில் ஊறவைத்து, இரண்டு மடிப்பாக வெட்டி, இறுக்கினால் சரியாக அரை நூல் நிற்கும். லாஞ்சில் அது ஐந்து வருஷம் அசையாது.

வண்டி ஓடியது. சும்மா ஓடவில்லை. அண்ணாச்சி உடன்குடியிலிருந்து ஆள் அனுப்பி, செம்மணல் மேட்டில் ஏறியாயிற்று என்று சொல்லிவிட்டார். பட்டறை என் கையில் விழுந்த மாதிரிதான் என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்தாம் நாள் அண்ணாச்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அப்போது நடுக்கடலில், ஒரு லாஞ்சு நின்றுபோய் அதில் மாட்டிக்கொண்டிருந்தேன். மனுஷன் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? திரேஸ்புரத்தில் மதினியிடமே தள்ளிக்கொண்டு போய்விட்டார். கரைக்கு வந்ததும் சேதி காதில் விழுந்தது. குளிக்கக்கூட இல்லை, அப்படியே ஓடினேன். முன்வாசலில் நாலு பேர் நின்றார்கள். கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

அண்ணாச்சி ஒரு பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே எண்ணெய்க் கறை. வண்டி பெஞ்சின் மேல் ஏறியிருந்தது. என் மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சிலிண்டர் தலையிலிருந்த பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, யாரைக் கேட்டு என் வேலையில கை வச்ச?”

அவள் திரும்பக்கூட இல்லை. “மதினின்னு கூப்பிட்டா பதில் சொல்லுவேன். ஏளான்னு கூப்பிடணும்னா உம்ம வீட்டுல போயிக் கூப்பிடும்.”

அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

“மேட்டுல போகச் சொன்னா மூக்கால தும்முதுலே உன் வண்டி. பெட்ரோலு அம்புட்டும் என் வேட்டியிலதான். நீ சொன்ன மாதிரி, எண்ணெய் கசியக் கசிய நாலு நட்டையும் இறுக்கிக்கிட்டேதான் வந்தேன். இறுக்க இறுக்க மோசமாகுது” என்றார்.

“பெட்ரோலு மட்டமா இருக்கும் அண்ணாச்சி. இல்லன்னா நீங்க ஏத்துத பாரம்.”

“இன்னும் பிரிக்கலை” என்றாள் மதினி. “அளந்துட்டுத்தான் பிரிப்பேன். வந்துட்டீருல்லா, நின்னு பாரும்.”

பெட்டியிலிருந்து ஒரு சைக்கிள் கம்பியை எடுத்தாள். அதில் அரத்தால் போட்ட மூன்று வெட்டுகள் இருந்தன. பிளக் ஓட்டை வழியாக அதை உள்ளே விட்டு பிஸ்டன் தலையில் நிறுத்தினாள். பிறகு செய்த காரியம்தான் எனக்குப் பகீரென்றது. அண்ணனுடைய செபப்புத்தகத்தை எடுத்து, கடைசி வெற்றுத்தாளில் ஒரு கீற்றுக் கிழித்தாள். ஏற்கனவே அதில் பாதி கிழிந்திருந்தது. அந்தத் தாளைப் புகை போகிற துவாரத்தில் நுழைத்து, பிஸ்டன் அதைக் கவ்விக்கொள்ளும்வரை சக்கரத்தைத் திருப்பினாள். ஒரு கையால் தாளை இழுத்துப் பிடித்தபடியே மறு கையால் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினாள். பிஸ்டன் இறங்கியது. தாள் விடுபட்டு வந்தது. அந்த நொடியில் கையை நிறுத்தி, கம்பி எந்த வெட்டுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள்.

“கம்பி நடு வெட்டுல நிக்கையில தாளு விடுபட்டு வரணும். அதுக்கும் அரை நூலு கீழ வருது. புகை போற வாசலு பிந்தித் தொறக்கு. உள்ள வார வாசலு முந்தித் தொறந்து பிந்தி அடைக்கு. அதான் உள்ள போன பெட்ரோலு திரும்பி உங்க வேட்டியில அடிக்கு, அண்ணாச்சி.”

“அரை நூலு நான் ஒசத்தி வச்சிருக்கேன்!” என்று கத்தினேன்.

“வச்சீரு. இல்லன்னு சொல்லலை. அளவு சரியாத்தான் எடுத்திருக்கீரு.”

நட்டுகளைக் கழற்றி சிலிண்டரைத் தூக்கினாள். என் பேக்கிங் இருந்த இடத்தில் கருகிய பொருக்கு ஒன்று ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். அடுப்பில் விழுந்த அப்பளம்போல உதிர்ந்தது.

“லாஞ்சுல சிலிண்டரைச் சுத்திக் கடத்தண்ணி ஓடுது. அடி சூடே ஆகாது. கித்தான் நிக்கும். இது வெறும் காத்துல ஆறுத சிலிண்டரு. கித்தான் வெந்து சாம்பலாகுது. அண்ணாச்சி நட்டை இறுக்க இறுக்க சிலிண்டரு கீழ எறங்குது.”

அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கடல் தண்ணீரில் நனைந்த இன்ஜினையே தொட்டவனுக்கு வேறு எந்த நினைப்பு வரும்? லாஞ்சுப் பட்டறையில் எவனைக் கேட்டாலும் கித்தான்தான் வைத்திருப்பான். புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“சோறு கொண்டாந்துக்கிட்டு இருந்தவளுக்கு அளவு என்ன தெரியும்? அளவுன்னா எங்க அண்ணன் எடுத்த அளவு. ஸ்டெல்லா மாரி லாஞ்சுக்குப் போன வருசம் எடுத்தான் பாரு, இன்னைக்கும் ஒரு மயிரிழை நகரலை!”

மதினி கம்பியைத் துணியால் துடைத்துப் பெஞ்சில் வைத்தாள். “உங்க அண்ணனுக்குக் கடைசி ரெண்டு வருசம் வலது கண்ணு தெரியாது. லேத்துத் தூளு தெறிச்சது. இடது கண்ணும் பாதிதான். ஸ்டெல்லா மாரிக்கு அளவு பாத்தது நான். இந்தக் கம்பியில வெட்டுப் போட்டது நான்.”

“பொய். என்கிட்ட சொல்லாம இருப்பானா?”

“உமக்குத் தெரிஞ்சா பொழுது விடியறதுக்குள்ள துறைமுகம் பூரா தெரியும்னாக. குருட்டுப் பிட்டருக்கு எவன் வேலை தருவான்? தம்பிகிட்ட மட்டும் சொல்லிராதன்னு மாதா படத்துக்கு முன்னால என்கிட்ட சத்தியம் வாங்குனாக.”

ஸ்டெல்லா மாரியைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன்! சாயாக்கடையில், கம்பெனியில், கோவில் வாசலில். அத்தனையும் இவளுக்குச் செய்த பாராட்டு என்றால் வயிறு எரியாதா? அண்ணன் என்னை நம்பவில்லை என்பது அதைவிடப் பெரிய அடி. அதற்கும் இவள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

அண்ணாச்சி டின்னிலிருந்து எழுந்தார். “ரெண்டு பேரும் போதும். பிளாரன்ஸம்மா, சனிக்கிழமை வாரேன். சரி பண்ணி வைங்க. உடன்குடிக்குப் போயித் திரும்பி வருவேன். வண்டி நிக்காம வந்தா இடம் உங்க பேருக்கு. நின்னுட்டா அம்புரோசுக்கு. நீ என்னலே சொல்லுத?”

“சரி அண்ணாச்சி” என்றேன். அவர்கள் இரண்டு பேரும் வண்டியைக் குனிந்து பார்த்த நேரத்தில் பெஞ்சிலிருந்த கம்பியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆமாம், திருடினேன். வீட்டில் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வெட்டு. நடு வெட்டு எதற்கென்று அவள் சொன்னாள். மற்ற இரண்டும் எதற்கு? எங்கிருந்து எண்ண வேண்டும்? மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை அவளே கம்பெனி வாசலுக்கு வந்தாள். என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. வெயிலில் வேர்த்து நின்றாள்.

“அரை நூலு கனத்துல பித்தளைத் தகடு ஒரு துண்டு வேணும். கையகலம் போதும். பாத்திரக்கடையில உள்ளதெல்லாம் காகிதமா இருக்கு. ஊருல உங்க கம்பெனி ஸ்டோருலதான் இருக்குன்னாக.”

ஸ்டோர் சாவி என் இடுப்பில் தொங்கியது. அவள் கண்ணும் அதில்தான் இருந்தது. உள்ளே தகடு அடுக்கிக் கிடந்தது. ஒரு துண்டு போனால் யாரும் கேட்கப் போவதில்லை. கூலியாட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

“தகடு இல்லை” என்றேன். “கித்தான் வேணும்னா தாரேன், எம்புட்டு வேணும்?”

கூலியாட்கள் சிரித்தார்கள். திட்டுவாள், அழுவாள், திருடிய கம்பியைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பி நடந்தாள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

சனிக்கிழமை மத்தியானமே திரேஸ்புரம் போய்விட்டேன். பழையபடி கடற்கரைப் பக்கமாகவே நுழைந்தேன். அண்ணாச்சி காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மதினி லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வைஸுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றேன். பெஞ்சில் ஒரு புதுக் கம்பி கிடந்தது, மூன்று வெட்டோடு. திருடியது வீண் வேலை. அளவு அவள் தலைக்குள் இருக்கிறது.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. தகடு கிடைத்திருக்காது. எதையாவது அட்டையை, ஈயத்தை வைத்து ஒப்பேற்றியிருப்பாள். மணலில் சூடேறினால் நசுங்கும். அண்ணாச்சி மறுபடியும் தள்ளிக்கொண்டு வருவார். வரும் வழியை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், எந்த மேட்டில் நிற்கும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். மாதாவே, வண்டி நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒருவன் வேண்டுவானா என்று கேட்டால், வேண்டினேன்.

மூன்று மணிக்குச் சத்தம் கேட்டது. தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. தும்மல் இல்லை, இழுவை இல்லை. வெட்டி வெட்டி வருகிற சுத்தமான சத்தம். அண்ணாச்சி முன்வாசலில் வந்து இறங்கினார். வேட்டி வெள்ளையாக இருந்தது. முகமெல்லாம் செம்மண் புழுதி, அதற்குள் சிரிப்பு.

“ரெண்டு சிப்பம் ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறுனேன்லே! எங்கனயும் நிக்கலை.”

“ஒரு தடவை போயி வந்தா ஆச்சா? என்னதும் மொத நாளு இப்படித்தான் ஓடுச்சு” என்றேன். “நட்டை இறுக்கிப் பாத்தா தெரியும். எறங்கியிருக்கும்.”

மதினி ஸ்பேனரை என் கையில் கொடுத்தாள். “நீரே இறுக்கிப் பாரும், கொழுந்தனாரே.”

குந்தி உட்கார்ந்தேன். இன்ஜின் சுட்டது. என் பேக்கிங் இருந்தபோது சூட்டில் ஸ்பேனரை வைத்தால் கால் சுற்று இறங்கும், அண்ணாச்சியே சொன்னார். முதல் நட்டில் வைத்து இழுத்தேன். அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். சிலிண்டருக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. பித்தளை. சரியாக அரை நூல்.

“இடம் உங்க பேருக்கு, பிளாரன்ஸம்மா” என்றார் அண்ணாச்சி. “திங்கக்கிழமை எழுதித் தாரேன்.”

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தேன். இனி யாருக்கு மறைய வேண்டும்? எதிரில் நின்ற நாலு பேர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பலகையில் பாதி இல்லை. ‘மனுவேல்’ என்ற வரிக்குக் கீழே நேராக அறுபட்டிருந்தது.

“என் பேரு எங்க?”

மதினி வாசலுக்கு வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணாச்சி வண்டியில இருக்கு. உம்மகிட்ட தகடு கேட்டேன், நீரு தரலை. பலகை அரை நூலுக்குக் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. எழுத்துப் பள்ளம் இருந்தா காத்து வேற கசியும். அரம் போட்டு எழுத்தை முழுக்க எடுத்தேன். எடுத்ததும் அளவு சரியா வந்துட்டு.”

அந்தத் துண்டைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வண்டி ஓடாது.

செருப்பு உள்ளேயே கிடந்தது. எடுக்கத் திரும்பிப் போகவில்லை. சுடுமணலில் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து, காலைக் கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டிலும் பித்தளைத் தூள் மினுமினுத்தது. மத்தியானம் முழுக்க வைஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன் அல்லவா? அரத்தில் உதிர்ந்த என் பெயரின் மேல்தான் நின்றிருக்கிறேன். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.